டம்ளருக்குள் இரண்டு புளியங்கொட்டை

அவைக்குத் தலைமை ஏற்று, "அண்ணே, சுருக்கமா முடிங்க, சாம்பார் ஆறிப்போவுது" என்று என் காதில் அன்போடு சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் கடலூர் சிதம்பரம் வண்ணமீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர், ஆருயிர்த் தம்பி தேவசகாயம் அவர்களே! முழங்கால் வலியையும் முதுகு வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே! முதுநகரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் வடலூரிலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் சுமந்து, சிதம்பரத்தில் இந்த மண்டபம் தேடி வந்திருக்கும் தாய்மாரே, தங்கைமாரே! உட்கார நாற்காலி இருந்தும் உட்காராமல் தூணில் சாய்ந்து நிற்கும் இளைஞர் கூட்டமே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். வணங்கிய கையோடு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இன்றைக்கு எனக்குக் கை தட்டாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். தன்னடக்கம் என்று நினைக்கிறீர்கள். இந்த வைத்திலிங்கத்துக்குத் தன்னடக்கம் என்றைக்கு இருந்தது? செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவன் நான். அதில் இருபது ஆண்டு தொழிற்சங்க மேடையில் முழங்கியவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மறுவருடமே, இந்தச் சங்கத்தைக் கூட்டிச் சேர்த்து, ஆறு ஆண்டாகச் செயலாளர் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பவனும் நான்தான். மைக்கைக் கண்டால் எனக்கு மயக்கம். மாலையைக் கண்டால் கழுத்து தானாக நீளும். அப்படிப்பட்டவன் கை தட்டாதே என்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது.

சற்று முன்னால் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். ஒரு கேடயம் கொடுத்தீர்கள். அதில் பொறித்திருப்பதை நீங்களே படித்தீர்கள். "தானே புயலில் சங்கத்தைத் தாங்கிய தகைமையாளர்." தகரத்தில் எழுதினாலும் தமிழ் தமிழ்தான், அழகாகத்தான் இருக்கிறது. கூடவே எனக்கு ஒரு தலைப்பும் கொடுத்தீர்கள். "வண்ணமீன்களுக்கான ஜெல் தீவனம்: தயாரிப்பும் சேமிப்பும்." நல்ல தலைப்பு. நான் தலைப்பை விட்டு ஒரு அடிகூட விலகப்போவதில்லை. தயாரிப்பைச் சொல்கிறேன், சேமிப்பையும் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகு அந்தக் கேடயத்தை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் தயாரிப்பு. குறித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

சூடை மீனை முள் நீக்கிக்கொள்ள வேண்டும். இறாலைத் தோலுரித்துக்கொள்ள வேண்டும். பசலைக்கீரை, கேரட், பச்சைப் பட்டாணி மூன்றையும் வேகவைத்து, இரண்டு பல் பூண்டும் போட்டு, மீனோடும் இறாலோடும் மிக்சியில் மையாக அரைக்க வேண்டும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தக் கூழோடு கலந்து கிண்ட வேண்டும். வைட்டமினை எப்போது சேர்ப்பது? இங்கேதான் நாம் அத்தனை பேரும் கோட்டை விட்டோம். கொதிக்கும்போது போட்டால் சத்து செத்துப்போகும். இறுகிய பிறகு போட்டால் கலக்காது. விரலை வைத்தால் சுட வேண்டும், ஆனால் வைத்த விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. அந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும். பிறகு தாம்பாளத்தில் மெலிதாக ஊற்றி, இறுகியதும் ஸ்கேல் வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, தேதிச் சீட்டு ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்க வேண்டும். மூன்று மாதம் தாங்கும். மீன் கொத்திக் கொத்தித் தின்னும், தண்ணீர் கலங்காது, தொட்டி நாறாது.

இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்தது யார்? பட்டம் பெற்ற அறிஞரா? பன்னாட்டு நிறுவனமா? மேடையில் முழங்குகிற இந்த வைத்திலிங்கமா? இல்லை. லோகநாயகி.

என்ன, அந்தப் பெயரைச் சொன்னதும் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன? அங்கே யாரோ, "அந்தம்மா பேரு எதுக்கு இப்ப?" என்கிறீர்கள். எதுக்கு என்று சொல்லத்தானே நிற்கிறேன்! பொறுங்கள், தம்பி. பொறுக்க முடியவில்லை என்றால் வெளியே பந்தியில் இடம் பிடியுங்கள், நான் தடுக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லோகநாயகி என் தெருக்காரர். கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். என்னை மாமா என்று கூப்பிடுகிறவர். சங்கத்துக்கு ஜெல் தீவனம் செய்து தரும் வேலையை ஐந்து ஆண்டு பார்த்தவர். திருப்பாதிரிப்புலியூரில் சங்கம் வாடகைக்கு எடுத்த அந்த ஒற்றை அறையில், ஒரு மிக்சி, ஒரு அடுப்பு, ஒரு ஃப்ரீசர், அவருடைய இரண்டு கை. இவ்வளவுதான் நம் தீவன ஆலை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நம் உறுப்பினர் வீட்டுத் தொட்டிகளில் நீந்திய மீன்களெல்லாம் அந்தக் கையால் தின்று வளர்ந்தவை. மறுக்க முடியுமா? முன்வரிசையில் யாராவது மறுக்க முடியுமா? மறுக்க மாட்டீர்கள். மறுக்கத் தெரியாது நமக்கு, மறக்கத்தான் தெரியும்.

இனி சேமிப்புக்கு வருகிறேன். தாய்மாரே, இங்கே காது கொடுங்கள்.

ஜெல் தீவனத்துக்கு எமன் எது? வெயிலா? எறும்பா? இரண்டும் இல்லை, மின்வெட்டு. உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை; இந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்லக்கூடிய சோதிடன் இன்னும் பிறக்கவில்லை. கரண்ட் போகிறது. உறைந்த தீவனம் இளகுகிறது. இளகிய தீவனத்தில் கிருமி குடியேறுகிறது. கரண்ட் வருகிறது. தீவனம் மறுபடி உறைகிறது. பார்த்தால் அதே சதுரம், அதே நிறம், அதே கல்லு மாதிரி கெட்டி. உள்ளே நஞ்சு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் லோகநாயகிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. நூறு தடவை என்னிடமே சொல்லியிருக்கிறார்: "எளகினது எளகினதுதான் மாமா. திரும்ப உள்ள போவக் கூடாது. மண்ல கொட்டிடணும்."

சரி, ஆள் இல்லாத நேரத்தில் இளகி உறைந்திருந்தால் எப்படித் தெரியும்? அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பார். அது பனிக்கட்டியானதும் அதன் தலைமேல் ஒரு புளியங்கொட்டையை வைப்பார். காலையில் அறையைத் திறந்ததும் முதல் வேலை அந்த டம்ளரைப் பார்ப்பது. கொட்டை மேலே இருந்தால் ஃப்ரீசர் இளகவில்லை. கொட்டை பனிக்கட்டிக்குள் முங்கியிருந்தால், இடையில் எல்லாம் தண்ணீராகி மறுபடி உறைந்திருக்கிறது. அவ்வளவுதான். கொட்டை முங்கினால் தீவனம் குழிக்குப் போகும். ஒரு தடவை முப்பது பொட்டலத்தைக் கண்ணில் தண்ணீரோடு குழிதோண்டிப் புதைத்தார். "பத்து நிமிஷம் வெயில்ல வச்சி எடுத்தா செரியா பூடும், கொட்டாத" என்று நான் சொன்னேன். "மீனு வாயில்லாத சீவன் மாமா. வயித்துவலின்னு வந்து சொல்லுமா?" என்றார்.

போன டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி. தானே புயல் வருகிறது, வருகிறது என்று வானொலி கதறிக்கொண்டிருந்தது. ஃப்ரீசர் நிறையத் தீவனம். பொங்கல் வரை எல்லா உறுப்பினருக்கும் வேண்டிய தீவனம். மதியம் லோகநாயகி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சங்கத்தின் ஜெனரேட்டர் என் பொறுப்பில் இருந்தது. அறைச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். அவர் சொன்னார்: "மாமா, எங்க கூர நிக்காதுன்னு சொல்றாங்க. புள்ளைங்கள இட்டுக்கினு வடலூர்ல அண்ணன் வூட்டுக்குப் போறேன். ஜெனரேட்டர மட்டும் ரூமுல போட்டு, டீசல் ஊத்திக்கினே இருங்க மாமா. வேற ஒண்ணும் வேணாம்." நான் என்ன சொன்னேன்? "நீ நிம்மதியா போம்மா. நான் இருக்கேன்ல" என்றேன். என் குரலில் அப்படியொரு கனிவு. இருபது ஆண்டு மேடையேறி எடுத்த குரல் அல்லவா!

அந்த ஜெனரேட்டர் அன்றைக்கு அறைக்குப் போனதா?

போகவில்லை.

என் வீட்டில் நான்கு தொட்டியில் டிஸ்கஸ் வளர்க்கிறேன். தட்டு மாதிரி வட்டமாக, நீலமும் சிவப்புமாக, தண்ணீரில் கொஞ்சம் சூடு குறைந்தாலும் சுருண்டு போகிற மீன். காற்றுக் குழாய் நின்றால் அரை நாளில் செத்து மிதக்கும். அந்த ஜெனரேட்டரை நான் என் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தேன். என் தொட்டிக்குக் காற்று ஊதினேன். என் தொட்டிக்கு வெந்நீர்ச் சூடு கொடுத்தேன். சங்கத்தின் ஜெனரேட்டர், சங்கத்தின் டீசல், செயலாளரின் டிஸ்கஸ்.

ஏன் இப்போது அமைதியாகிவிட்டீர்கள்? இதோ இந்த மைக்கு ஒரு ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. அந்தச் சத்தம்தான் இப்போது கேட்கிறது. கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். அப்படித்தான் இரண்டு நாள் என் வீட்டில் ஓடியது.

முப்பதாம் தேதி புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்ததை நீங்கள் பார்த்தவர்கள். நான் விவரிக்க வேண்டாம். ஊரெங்கும் மின்கம்பம் முறிந்து கிடந்தது. புத்தாண்டு அன்று காலை, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் அந்த அறைக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்தேன். பொட்டலங்கள் வியர்த்திருந்தன. சதுரங்கள் உருக்குலையவில்லை, அகர் போட்டது அல்லவா. ஆனால் தொட்டால் கொழகொழவென்று நீர் விட்டது. லேசாக ஒரு வாடை. டம்ளரில் பனிக்கட்டி இல்லை, தண்ணீர். அடியில் புளியங்கொட்டை.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் தெரியும். இதைக் கொட்ட வேண்டும் என்று தெரியும். கொட்டினால் உறுப்பினர்கள் கேட்பார்கள், "ஜெனரேட்டர் எங்கே இருந்தது?" என்று. அதுவும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மதியத்துக்குள் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அறைக்கு வந்தேன். ஓடவிட்டேன். மூன்றாம் தேதி எல்லாம் கல்லாக உறைந்துவிட்டது. டம்ளரும் உறைந்தது. கொட்டை அடியிலே, பனிக்கட்டி வெள்ளையாக, மேலே ஒன்றும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் லோகநாயகி ஒரு டப்பாவில் புளியங்கொட்டை வைத்திருப்பார். அதிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பனிக்கட்டி மேல் ஒட்டவைத்தேன்.

என்ன? "அடப்பாவி" என்று சொன்னது யார்? பெண்கள் பக்கமா? சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா. எட்டு மாதமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

ஐந்தாம் தேதி லோகநாயகி வடலூரிலிருந்து திரும்பினார். வீட்டுக் கூரை பறந்திருந்தது. கூரையைப் பார்க்கப் போகவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முதலில் அறைக்கு வந்தார். நானும் இருந்தேன். பொட்டலத்துக்குள் பனி படிந்திருந்ததைத் தடவிப் பார்த்து, "என்னா மாமா, பையில பனி ஜாஸ்தியா கீது?" என்றார். "ஜெனரேட்டர் நின்னு நின்னு ஓடுச்சிம்மா, அதான்" என்றேன். அவர் டம்ளரை எடுத்தார். கொட்டை மேலே இருந்தது. தன் கண் கண்டதைவிடத் தான் வைத்த சாட்சியை அவர் நம்பினார். டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். "ஊரே கவுந்து கெடக்குது. நீங்க இத்த காப்பாத்திட்டீங்களே மாமா" என்றார்.

அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தீவனம் உங்கள் வீடுகளுக்கு வந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் லோகநாயகியின் கையெழுத்தில் தேதிச் சீட்டு. மூன்றே நாள். புவனகிரி ஆரோக்கியராஜ் இங்கே இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். அவர் ஏஞ்சல் மீன் வளர்ப்பவர். நாலு வருடம் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்த தாய் மீன்கள். வயிறு ஊதி, செதில் விரிந்து, ஒருக்களித்து மிதந்தன. ஒன்று விடாமல். அவரைப் போல ஒன்பது வீடு.

உட்காருங்கள் ஆரோக்கியராஜ்! உங்கள் கோபம் நியாயம். என்ன கேட்கிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கட்டும், நான் மைக்கில் சொல்கிறேன். "யோவ் வைத்தி, ஒன் மீனு எத்தினி செத்துது, அத்த சொல்லு!" என்கிறார்.

சொல்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை. ஏனென்றால் அந்தத் தீவனத்தில் ஒரு சதுரத்தைக்கூட நான் என் தொட்டியில் போடவில்லை. உங்களுக்கெல்லாம் பொட்டலம் அனுப்பிவிட்டு, என் மீனுக்கு உயிர்ப்புழு வாங்கி வந்து போட்டேன். தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் நானே அடைத்துக்கொள்கிறேன். தெரிந்து செய்தேன். நான்கு தொட்டி டிஸ்கஸும் இன்றைக்கும் நீந்துகின்றன, நீலமும் சிவப்புமாக. தினமும் காலையில் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடுகின்றன. அவற்றைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செம்மங்குப்பத்தில் ஆலை வாசலில் நின்று நான் என்ன முழங்கினேன் தெரியுமா? கசிந்ததை மறைப்பவன் கயவன் என்று முழங்கினேன். மேலதிகாரி செய்த தவறுக்கு மெஷின்காரனைப் பலியிடாதே என்று முழங்கினேன். தொண்டை கிழிய முழங்கினேன். தோழர்கள் தோளில் தூக்கினார்கள். அந்தத் தொண்டை ஜனவரி மாதம் எங்கே போனது? என் மனைவி சௌந்தரத்துக்கு ஜெனரேட்டர் எங்கே ஓடியது என்று தெரியும். அவள் காதில்தானே ஓடியது! அவள் ஒரு நாள் கேட்டாள்: "மைக்கு வச்சா அந்தப் பேச்சு பேசறீங்களே, இதுக்கு மட்டும் ஏன் வாய் மூடிக்கினு கெடக்குது?" சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

இதோ தலைவரிடமிருந்து சீட்டு வருகிறது. "நேரம் முடிந்தது." தம்பி தேவசகாயம், இந்தச் சங்கத்தில் நான் பேசிய எந்தப் பேச்சுக்காவது நீங்கள் சீட்டு அனுப்பியதுண்டா? ஒரு மணி நேரம் என் புகழை நானே பாடியபோது அனுப்பவில்லையே! சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம்தான்.

மார்ச் மாதக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். இதே மண்டபம்தான். இங்கே, மேடைக்குக் கீழே, அந்த இரும்பு நாற்காலி இருக்கிறதே, அந்த இடத்தில் லோகநாயகியை நிற்கவைத்தோம். உட்காரச் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கேள்வி கேட்டோம். "கெட்டதுன்னு தெரிஞ்சும் கொடுத்தியா, தெரியாம கொடுத்தியா?" அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கையை விரித்தார். இரண்டு புளியங்கொட்டை. என்ன சொன்னார் என்று எனக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "மீனு செத்துதுன்னு கேட்டதும் டம்ளர எடுத்து எளக வச்சேன். உள்ள ஒண்ணு, மேல ஒண்ணு, ரெண்டு கொட்ட இருந்துச்சிங்க. நான் ஒண்ணுதான் வச்சேன். நான் வடலூர்ல இருந்தப்ப ஃப்ரீசரு எளகியிருக்குது. யாரோ புதுசா ஒண்ணு வச்சிருக்காங்க."

ஒரு பெண் தன் மானத்தைக் காப்பாற்ற இந்தச் சபைக்குக் கொண்டு வந்த ஒரே சாட்சி அது. உண்மையான சாட்சி. பிழையில்லாத சாட்சி. அதற்கு இந்த மேடையிலிருந்து என்ன பதில் வந்தது? "ஒண்ணு குட்டி போட்டுருக்கும்மா!" என்று பதில் வந்தது. மண்டபமே சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை மூத்தோரே, நீங்கள் சிரித்தீர்கள். தூணில் சாய்ந்து நிற்கும் தம்பிகளே, நீங்கள் விசிலடித்தீர்கள். அந்த நகைச்சுவையைச் சொன்ன நாவன்மை யாருடையது? என்னுடையது. வேறு யாருக்கு இவ்வளவு சட்டென்று வாயில் வரும்!

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது லோகநாயகி என்னைப் பார்த்தார். சாவி இரண்டுதான் என்பது அவருக்குத் தெரியும். அவர் அன்றைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொட்டை இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான்காவது தீர்மானத்தை நான் வாசித்தேன்: "கெட்டுப்போன தீவனத்தைத் தெரிந்தே வழங்கிய லோகநாயகியைச் சங்கத்திலிருந்து நீக்குவது." தெரிந்தே! அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து எழுதியவனும் நான்தான். ஐம்பத்து மூன்று பேர் கை தூக்கினீர்கள். எதிர்த்து ஒரு கை இல்லை.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? தெருவில் அவரை மீனுக்கு விஷம் வைத்தவள் என்றார்கள். அவர் மூத்த மகளை அதே பேச்சைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போனார். இப்போது பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிறார். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கையெல்லாம் வெந்து தோலுரிந்து கிடக்கிறது. கூழில் விரல் வைத்துச் சூடு பார்த்த கை அது. இனி அந்த விரலுக்குச் சூடு தெரியுமா தெரியாதா, எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். முந்திரிக் கம்பெனி வாசலில் நின்று, நான் செய்ததை எல்லாம் சொன்னேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அழவில்லை. "எனக்குத் தெரியும் மாமா. கும்பிட்டப்ப நீங்க தலைய ஆட்டுனீங்களே, அதான் எனக்கு ஆறல" என்றார். "அன்னிக்கே ஏம்மா என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன். "யாரு நம்புவாங்க? நீங்க மைக்குல பேசறவரு. நான் கொட்டய வச்சிக்கினு நிக்கறவ" என்றார். "சிதம்பரத்துல கூட்டம் போடறாங்க, வாம்மா, உன் முன்னால எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன். அவர் எழுந்துகொண்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது. போகும்போது திரும்பிச் சொன்னார்: "நான் எதுக்கு? எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? சிரிச்சாங்க இல்ல, அவுங்ககிட்ட சொல்லுங்க."

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். சிரித்தவர்களே, உங்களிடம் சொல்கிறேன்.

பொன்னாடையை இதோ மேசைமேல் வைக்கிறேன். கேடயத்தையும் வைக்கிறேன். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குங்கள், சங்கத்திலிருந்தே நீக்குங்கள், ஆரோக்கியராஜ் வந்து என் டிஸ்கஸ் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகட்டும். அதெல்லாம் உங்கள் விருப்பம். என் தண்டனையைப் பேசி அவர் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். நமக்கு அது எளிது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான்காவது தீர்மானத்தை இன்றைக்கு, இந்த மண்டபத்தில், இப்போதே ரத்து செய்ய வேண்டும். லோகநாயகி குற்றமற்றவர் என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வைத்திலிங்கம் முன்மொழிகிறான். கை தூக்குங்கள்.

என்ன தலைவரே? "அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்ல அண்ணே, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்கிறீர்களா? ஒருவரை ஒழிக்க ஒரு நிமிடம் போதும். உயர்த்த மட்டும் அடுத்த கூட்டமா? மார்ச்சிலும் அது அஜெண்டாவில் இல்லை, தம்பி. நான் எழுந்து படித்தேன், நீங்கள் நிறைவேறியது என்றீர்கள். இன்றைக்கும் நான் எழுந்துதான் நிற்கிறேன்.

இதோ என் கை. வலது கை. அன்றைக்கு முதலில் உயர்ந்ததும் இதுதான்.

யார் யார்? பெண்கள் பக்கம் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, நாலு... பதினொன்று. தாய்மாரே, தலை வணங்குகிறேன். தூண் பக்கம் நாலு கை. இன்னும் இரண்டு, சரி, மூன்று. இரண்டாம் வரிசையில் ஆரோக்கியராஜ் எழுந்து நிற்கிறார். கையைத் தூக்கிவிட்டார்! அவர் சொல்வதையும் மைக்கில் சொல்கிறேன், கேளுங்கள்: "ஒனக்காகத் தூக்கலய்யா. அந்தப் பொண்ணுக்காகத் தூக்கறேன். அன்னிக்கு நான் அத்த ரொம்ப பேசிட்டேன்." போதும் ஆரோக்கியராஜ். எனக்காகத் தூக்க வேண்டாம்.

முன்வரிசையில்? முன்வரிசை மூத்தோரே? ஒருவர் செருப்பைத் தேடுகிறார். ஒருவர் செல்போனைப் பார்க்கிறார். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கா? இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். கையை இறக்க மாட்டேன். வேறு யாராவது?

இல்லை. என் கையோடு சேர்த்து இருபது. மண்டபத்தில் எழுபது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். தீர்மானம் தோற்றது. லோகநாயகி இன்றைக்கும் நம் ஏட்டில் குற்றவாளிதான். உண்மை தெரிந்த பிறகும் குற்றவாளி. இதுவரை அந்தத் "தெரிந்தே" என்ற சொல்லுக்கு நான் ஒருவன்தான் சொந்தக்காரன். இப்போது நீங்களும் பங்குக்கு வந்துவிட்டீர்கள்.

இங்கிருந்து நான் பந்திக்குப் போகப்போவதில்லை. நேராகப் பண்ருட்டி பஸ் ஏறுகிறேன். எத்தனை கை உயர்ந்தது என்று அவரிடம் சொல்வேன். யார் யார் என்று கேட்டால், பெயரும் சொல்வேன். உயராத கைகளின் பெயரையும் சொல்வேன்; ஆறு ஆண்டு செயலாளராக இருந்தவனுக்கு எல்லார் பெயரும் மனப்பாடம்.

கை தூக்கியவர்களுக்கு என் நன்றி. தூக்காதவர்களுக்கு வணக்கம்.